கண் சிவக்கச் சுட்ட மிளகாய்

மாப்பிள்ளை வீட்டார் வரும் வேன் சூளகிரியைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்ததும் ஜோதியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓசூருக்கு வந்துவிடுவார்கள். மகள் கவிப்ரியாவோ காலையிலிருந்து அழுது அழுது கண்ணைக் கோவைப்பழமாக்கி வைத்திருந்தாள். கல்யாணம் வேண்டாமாம், கம்பெனி வேலையை விடமாட்டாளாம். அதையெல்லாம் கேட்க யாருக்கு நேரம்? ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் புருஷன் முகத்தில் எப்படி விழிப்பது?

முகம் கழுவியும் சிவப்பு போகவில்லை. பேரிகைச் சந்தையிலிருந்து புருஷன் வாங்கி வந்த மிளகாய்ப் பை மூலையில் கிடந்தது. பிரித்துப் பார்க்கக்கூட நிற்காமல் பையோடு மகளிடம் நீட்டினாள்.

“இதச் சுட்டுத் தோல உரி. தொவையல் அரைக்கலாம். கண்ணு ஏன் செவந்திருக்குன்னு கேட்டா, மொளகா கையால தேச்சுட்டேன்னு சொல்லு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் புறப்பட்டால் புத்தி அந்த மட்டும்தான் ஓடும். கவிப்ரியா பையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கேஸ் அடுப்புத் தீயில் ஒவ்வொன்றாக வாட்டினாள். தோல் கருகி உப்பியதும் தட்டில் போட்டு மூடி வைத்து, சூடு ஆறியபின் உரித்தாள். கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

வந்தவர்களில் ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ராஜலட்சுமி நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டார்.

“என்னா கண்ணு, அழுதியா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. மொளகா உரிச்சா, காரம்,” என்று ஜோதியம்மாள் முந்திக்கொண்டாள்.

ராஜலட்சுமி உரித்த மிளகாய் ஒன்றை எடுத்து, காம்பைக் கிள்ளிவிட்டு மென்றார். இன்னொன்றையும் மென்றார். இருமவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை.

“இது பஜ்ஜி மொளகாங்க. கொழந்தகூடத் தின்னும்.”

ஜோதியம்மாள் தட்டில் கிடந்த மிளகாயை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு.

“என்னப் பாக்க வந்தப்ப எங்கம்மா வெங்காயம் உரிக்கச் சொன்னாங்க,” என்றார் ராஜலட்சுமி மெதுவாக. “எங்க மாமியா ஒண்ணுமே கேக்கல.” பிறகு கவிப்ரியா பக்கம் திரும்பினார். “நான் கேக்கறேன். உனக்கு இஷ்டமா?”

கவிப்ரியா அம்மாவைப் பார்த்தாள். ஜோதியம்மாளால் அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

“இல்லீங்க,” என்றாள் கவிப்ரியா.

ராஜலட்சுமி கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போய் மகன் முன்னால் நின்றார்.

“எந்திரி மாதவா, போலாம். பொண்ணு நல்ல பொண்ணு. எனக்குத்தான் மனசு ஒப்பல.”