ஐந்தாவது கம்பி

கோயில் திருவிழாவுக்கான காப்புக் கயிறு கையில் ஏறிய பிறகுதான் செங்கோடனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. பூசாரி அர்த்தனாரி வரிசையாகக் கட்டிக்கொண்டே வந்தார். எல்லோரும் கையை நீட்டினார்கள், இவரும் நீட்டிவிட்டார். அந்த மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டால் எட்டு நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, முப்பது வருஷம் சென்னையில் இருந்தவருக்கு மறந்துபோயிற்று.

ஞாயிறு சாயங்காலம் சென்னையில் அவருடைய இசை முதன்முதலாக மேடையேறுகிறது. சினிமா, விளம்பரம், ஓட்டல் பார்ட்டி, சர்ச் என்று யார் கூப்பிட்டாலும் போய் டபுள் பேஸ் வாசித்தவர் அவர். ஆள் உயரத்துக்கு நிற்கும் வாத்தியம், வயலினுக்குப் பெரியப்பா மாதிரி. பாட்டில் அது ஒலிக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. நின்றுபோனால்தான் என்னவோ குறைகிறதே என்று தோன்றும். கடைசிவரை அடுத்தவர் பாட்டுக்கு அடியிலேயே கிடக்க வேண்டுமா என்று ஐம்பத்திரண்டு வயதில் டபுள் பேஸ் முன்னால் நிற்க ஒரு குழு வாசிக்கும்படி சொந்தமாக இருபது நிமிஷ இசை எழுதினார். அதை அமைதியான இடத்தில் வாசித்துப் பழகத்தான் வாடகைப் பிக்கப் வண்டியில் வாத்தியத்தை ஏற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து அக்கா வீட்டுக்கு வந்திருந்தார்.

"நாலு பேரு தூக்கியாறதப் பாத்து, பொணப்பெட்டின்னுல்ல நெனச்சேன்" என்று பக்கத்து வீட்டு மாராயி அன்றைக்கே சிரித்தாள்.

காப்புக் கட்டிய மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில், அக்கா அத்தாயி ஒரு வழி சொன்னாள்.

"போயே ஆவோணும்னா தொழில் சாமானக் கோயில்ல வெச்சரோணும் சாமி. கைக்கயித்த அவுத்து அதுல கட்டிருவாங்க. உனக்குப் பதிலா அது ஊருல இருக்கும். எட்டு நாளு யாரும் தொடக்கூடாது. போன வருசம் கொத்தனாரு கரண்டிய வெச்சுட்டுப் போனாரு."

"கரண்டி வேற வாங்கிக்கலாம். என் சாமான் அதுதானக்கா. அத வெச்சுட்டு நான் போயி என்ன பண்றது?"

அத்தாயி உள்ளே போய், செத்துப்போன அப்பாவின் அருவாளை எடுத்துவந்தாள். "இத வெச்சு விவசாயம்னு சொல்லு. மொளகு பறிக்கற குடும்பந்தான நாம. யாரு கேக்கப் போறா?"

கோயிலில், விவசாயம் என்று சொல்லிச் செங்கோடன் நீட்டிய அருவாளை அர்த்தனாரி வாங்கி ஓரமாக வைத்தார். கயிற்றை அவிழ்க்கக் கையைப் பிடித்தவர், பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"உள்ளங்கை பூவாட்டம் இருக்குதே செங்கோடா. இது அருவாப் புடிச்ச கையில்லியே." விரல்களைத் தடவிப் பார்த்தார். "ஆனா வெரல் நுனியெல்லாம் கொட்டாங்குச்சியாட்டம் காச்சுக் கெடக்குது. என்னத்தப் புடிச்ச கை இது?"

ஊருக்கு வரும்போதெல்லாம், "இன்னும் அந்த டொம்டொம்தானா, வேலை ஒண்ணும் அமையலியா?" என்றுதான் கேட்பார்கள். என்னத்தைப் பிடித்த கை என்று ஒருவராவது கேட்க மாட்டாரா என்று முப்பது வருஷம் ஏங்கியிருக்கிறார். இன்றைக்குக் கேட்டுவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் வாத்தியம் போயிற்று.

அருவாள்தான் என்று இன்னொரு தடவை சாதித்திருக்கலாம். பூசாரி வழக்காடுகிறவர் இல்லை. அத்தாயி கண்ணாலேயே சொல்லச் சொன்னாள். செங்கோடனுக்கு அந்தப் பொய் மறுபடி வரவில்லை.

"அந்தப் பெரிய பெட்டிதானுங்க. அதாந் தொழிலு."

வேடிக்கை பார்க்க வந்திருந்த மாராயிகூடச் சிரிக்கவில்லை.

"அப்பறம் எதுக்குச் சாமி பொய் சொன்ன?" என்றார் அர்த்தனாரி.

"அது இல்லாம நான் போயிப் பிரயோசனமில்லீங்க."

"அப்ப இரு. கயிறு கையிலயே இருக்கட்டும். இல்ல, பெட்டிய வெச்சுட்டுப் போ. எட்டரை பஸ்ஸு வாரதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு சொல்லு."

செங்கோடன் வெளியே வந்து சென்னையில் இருக்கும் தாரணிக்குப் போன் செய்தார். அவரிடம் படித்தவள், ஒத்திகையில் அவர் இடத்தில் நின்று வாசித்தவள். வேறொரு வாத்தியத்தில் தன் கை ஓடாது, ஞாயிற்றுக்கிழமை நீதான் வாசிக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் பதறினாள்.

"சார், நான் எப்படி சார்? உங்களோடதுல அஞ்சு கம்பி. என்கிட்ட நாலுதான். முதல் சுரமே அஞ்சாவது கம்பியிலதான வருது!"

ஆமாம். அந்த அடியாழத்துச் சுரத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது. அதற்காகவேதான் மற்றதை எல்லாம் எழுதினார். ஆனால் இங்கேயே இருந்துவிட்டால், உடனிருந்து அவளைப் பழக்க ஆளில்லாமல் அந்த இருபது நிமிஷமும் இல்லை.

"மாத்தி எழுதித் தாரேன்" என்றார்.

நாலு பேர் வாத்தியத்தைத் தூக்கிவந்தார்கள். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு, இடிக்காமல், சாமி தூக்குவது போலத் தூக்கினார்கள். அர்த்தனாரி அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டிச் சாம்பிராணி காட்டினார். செங்கோடன் விரல் தன்னை அறியாமல் கம்பியை நோக்கிப் போனது.

"தொடாத கண்ணு" என்றார் அர்த்தனாரி.

பஸ்ஸில் பலாப்பழ மூட்டைகளுக்கு நடுவே ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலை நீட்ட வழியில்லை. முழங்கால்மேல் தாளை வைத்து எழுதினார். வளைவுக்கு வளைவு பேனா கோணிக்கொண்டு போனது. கீழ்ச் சுரத்தை மேலே ஏற்றிப் பார்த்தார், ஒட்டவில்லை, அடித்தார். வேறொன்று போட்டார், அதையும் அடித்தார். நாற்பதாவது வளைவில் முதல் வரி முழுவதையும் அடித்துவிட்டு, 'எட்டு எண்ணும் வரை யாரும் வாசிக்க வேண்டாம்' என்று எழுதினார்.

பிறகு மனசுக்குள் எட்டு எண்ணிப் பார்த்தார். மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மஞ்சளாக இருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. கீழே இன்னும் முப்பது வளைவு இருந்தது.