பழையதிலிருந்து படித்தவள்

இடுப்பிலிருந்து வலது கால் பெருவிரல் வரைக்கும் ஒரு நரம்பு இழுத்துக்கொண்டே இருந்தது. செயல்வழிக் கற்றல் வந்ததிலிருந்து டீச்சர்களுக்கு நாற்காலி கிடையாது. பிள்ளைகளோடு தரையில்தான் உட்கார வேண்டும். பகல் முழுக்கத் தரையில் மடக்கி வைத்த காலை, சாயங்காலம் பிரவுசிங் சென்டர் ஸ்டூலில் தொங்கப்போட்டால் வலி இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ரேணுகாதேவி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். இன்னும் படிக்காமல் கிடக்கும் பதிவுகள் எத்தனை என்று காட்டும் எண் நேற்றைவிட ஏறியிருந்தது.

"இன்னா டீச்சர், ஏறிகினே போவுதா?" கடைக்காரன் பாலு கல்லாவிலிருந்தபடியே கேட்டான். "மெயில் பார்க்க வர்றவங்க பார்த்துட்டு எழுந்து போயிட்றாங்க. நீங்க ஒருத்தர்தான் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உக்காந்துகினு கீறீங்க."

"பேசாம இருப்பா. கரண்ட் போறதுக்குள்ள நாலு படிச்சிக்கறேன்."

ஜூலையில் வட்டார வள மையத்தில் நடந்த பயிற்சியில்தான் இதைக் கற்றுக்கொண்டாள். எங்கெங்கோ இருக்கும் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைப் பற்றி இணையத்தில் எழுதுவதைப் பயிற்றுநர் சந்திரமோகன் காட்டினார். ஒவ்வொருவர் பக்கத்துக்கும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஃபீட் ரீடர் என்று ஒன்று இருக்கிறது, அதில் சேர்த்துவிட்டால் அவர்கள் எழுத எழுத எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழும் என்றார். மற்ற டீச்சர்கள் டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேணுகாதேவி ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டாள். காரணம் தீபா.

தீபா அவளிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். கணக்கை வாயாலேயே போட்டுவிடுவாள். இன்று கேட்ட கதையை நாளைக்கு அப்படியே திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகமாக அடித்துவிடுவாள். 'கதவு' என்று இருந்தால் 'கரும்பு' என்பாள். அவள் அப்பா சின்னக்கண்ணு பட்டுத்தறி நெய்கிறவர். ஜூனில் பள்ளிக்கூடத்துக்கே வந்து சொல்லிவிட்டார்.

"முழுப்பரீட்சைக்குள்ள ஒரு பக்கம் படிச்சுக் காட்டட்டும் டீச்சர், ஆறாவது அனுப்பறேன். இல்லன்னா வூட்டோட உக்காந்து தார் சுத்தட்டும். சும்மா பையத் தூக்கிகினு போய் வர்றதுல இன்னா கீது?"

ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தர, தறி இருக்கிற வீட்டில் எப்போதும் ஒரு கை வேண்டும். "நான் படிக்க வைக்கிறேங்க. அது என் பொறுப்பு," என்றாள் ரேணுகாதேவி.

சந்திரமோகன் எழுதிக் கொடுத்த பக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாள். சேர்த்ததும் பழைய பதிவுகளும் கூடவே வந்து கொட்டின. புதியது மேலே, பழையது அடியில். அது அவளுக்குத் தலைகீழாகப் பட்டது. பழையது முதலில் வருகிற மாதிரி மாற்றிக்கொண்டு ஆரம்பித்தாள். தறிவீட்டில் பிறந்தவள். பாவில் ஓர் இழை அறுந்தால் அதை முடிச்சுப் போட்டுச் சேர்த்த பிறகுதான் மேலே நெய்யலாம். விட்டுவிட்டு நெய்தால் சேலை நெடுகக் கோடு ஓடும். சின்ன வயதில் இதற்காக முதுகில் வாங்கியிருக்கிறாள். ஆகவே ஒன்றையும் தாண்டவில்லை. எங்கோ பனி கொட்டிப் பள்ளிக்கு லீவு விட்டதையும் படித்தாள். யாரோ ஒருவர் வீட்டு நாய் செத்துப்போனதையும் அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்தாள்.

"எல்லாம் படிச்சாச்சுன்னு ஒரு பட்டன் கீது டீச்சர்," என்றான் பாலு. "ஒரே அமுக்கு. ஜல்தியா வூட்டுக்குப் போவலாம்."

"படிக்காம எப்டிப்பா படிச்சேன்னு அமுக்கறது?"

"பேப்பர் வாங்கறவன் டெண்டர் நோட்டீஸெல்லாமா படிக்கிறான்?"

அவள் சிரித்தாள். அமுக்கவில்லை.

அரையாண்டு போயிற்று. மின்வெட்டு கூடிற்று. அவள் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு வந்து சேர்ந்தன. வகுப்பில் தீபா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் முகத்தையே பார்ப்பாள், எழுத்து அங்கே இருக்கிற மாதிரி. "கொஞ்சம் பொறு கண்ணு, பார்த்துகினே கீறேன்," என்பாள் ரேணுகாதேவி.

முழுப்பரீட்சை முடிந்தது. தீபா ஒரு பக்கம் படித்துக் காட்டவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை ஆசிரியர் கூட்டத்துக்குச் சந்திரமோகன் வந்திருந்தார். ரேணுகாதேவி அவரிடம் தீபாவைப் பற்றிச் சொன்னாள்.

"மொத எழுத்தப் பார்த்துட்டு மீதிய அடிச்சு வுடற பிள்ளையா? அதப் பத்தி ஒரு அம்மா தொடரா எழுதினாங்களே மேடம், பொங்கல் சமயத்துல. உங்களுக்கும் வந்திருக்கணுமே."

"நான் இன்னும் அங்க வரலைங்க சார்."

"எங்க?"

"போன வருஷம் மார்ச்சுல கீறேன்."

சந்திரமோகன் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மேலாப்புல பார்த்து, வேணும்ன்றத எடுத்துக்கறதுதான் மேடம் அது."

"அன்னிக்கு இதச் சொல்லலீங்களே சார்."

"இதையுமா சொல்லணும்?" என்றார்.

அன்று சாயங்காலமே அந்தத் தொடரைத் தேடி எடுத்தாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வார்த்தையை அட்டையால் மூடிக்கொண்டு எழுத்து எழுத்தாகத் திறக்க வேண்டும். பிள்ளை ஊகிக்க இடம் கொடுக்கக் கூடாது. தினம் கொஞ்ச நேரம், இரண்டு மூன்று மாதம் விடாமல். பொங்கலுக்கு ஆரம்பித்திருந்தால் பரீட்சைக்குள் முடிந்திருக்கும். பாலு அதை அச்செடுத்துக் கொடுத்தான். அன்றைக்கு அவன் ஒன்றும் கேலி செய்யவில்லை.

மறுநாள் காலை அவள் போனபோது சின்னக்கண்ணு வீட்டுத் தறியில் புதுப் பாவு ஏறியிருந்தது. சுவரோரம் தீபா ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார் அவர்.

"இப்ப வழி தெரிஞ்சிடுச்சுங்க. மூணு மாசம் குடுங்க," என்றாள் ரேணுகாதேவி.

"ஜூன்லயும் இதத்தான் சொன்னீங்க டீச்சர். உங்களக் கொற சொல்லல. இவ அம்மாவுக்குக் கண்ணு தெரியல, தார் சுத்த முடியல. இவ கையும் இல்லன்னா இந்தப் பாவு எறங்காது."

"சாயங்காலம் நான் இங்கயே வந்து சொல்லித் தரட்டுங்களா?"

"வாங்க. அவ கை சும்மா இருந்தா சொல்லிக் குடுங்க."

படிக்கிற பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று புகார் கொடுத்தால் அதிகாரிகள் வருவார்கள். வந்துபோன மறுநாளே பிள்ளையை வேறு ஊர்த் தறிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பியதை அவள் பார்த்திருக்கிறாள்.

தீபாவின் அருகில் உட்கார்ந்து, 'பறவை' என்று ஒரு தாளில் எழுதி, முதல் எழுத்து மட்டும் தெரிய மூடிக் காட்டினாள். தீபா ராட்டையை நிறுத்தாமலே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"பட்டு," என்றாள்.

"நான் இன்னும் தொறக்கல கண்ணு."

"அப்புறம் டீச்சர். அப்பா தாருக்கு நிக்குது."

நிறைந்த தாரைக் கழற்றி அப்பாவிடம் நீட்டிவிட்டு அடுத்ததைச் செருகினாள். ராட்டை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. ரேணுகாதேவி தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள். தீபாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தர வேண்டியது அவள் கடன்; அது இன்னும் பாக்கி.