வரிசையில் படுத்த மனிதர்

1.

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. மருத்துவமனையின் விசாரணைக் குழு என்னிடம் ஒரு பக்க வாக்குமூலம் கேட்டது. "பார்த்ததை மட்டும் எழுதுங்கள்" என்றார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன், என்னைக் கூப்பிட்டதே அதற்குத்தான். பார்க்காததை ஒரு பக்கத்துக்குள் அடக்க முயன்றேன், முடியவில்லை. அது வீங்கி இப்படி ஆகிவிட்டது.

என் பெயர் ஸப்ரி. அலெக்சாந்திரியாவில் நாடகம் நடித்துப் பிழைத்தவன். எங்கள் கொட்டகையை இழுத்து மூடிய பிறகு நோயாளியாக நடிக்கிறேன். அவசரப் பிரிவில் பயிற்சி பெறும் இளம் டாக்டர்களுக்குக் கை பழகப் பொய் நோயாளிகள் தேவை. எனக்கு மாரடைப்பு நன்றாக வரும். வலிப்பும் மோசமில்லை. (பிரசவ வலி ஒருமுறை கேட்டார்கள். மரியாதையாக மறுத்துவிட்டேன்.)

2.

தொடக்கம் ஒன்று: "அன்று காலை கடற்காற்று—" வேண்டாம். இந்த ஊரில் எவன் பேனாவை எடுத்தாலும் கடலில்தான் முதலில் முக்குவான். அந்த மருத்துவமனை முற்றத்திலிருந்து கடல் தெரியாது. டிராம் சத்தம்தான் கேட்கும்.

தொடக்கம் இரண்டு: "டாக்டர் மெய்சா கவனமில்லாத பெண்." இது அநியாயம். "டாக்டர் மெய்சா மிகுந்த கவனமுள்ள—" இதையும் முடிக்க முடியவில்லை. இரண்டில் எது சரி என்று தெரிந்திருந்தால் இவ்வளவு காகிதத்தை நான் பாழாக்க வேண்டியதில்லை.

தொடக்கம் மூன்று: ரயில் கவிழ்ந்தது.

அதாவது, கவிழ்ந்ததாக வைத்துக்கொண்டோம். பெரிய விபத்து நடந்தால் என்ன செய்வது என்ற ஒத்திகை. முற்றத்தில் பாய்களை விரித்து எங்களை வரிசையாகப் படுக்க வைத்தார்கள். செம்பருத்தி டீயைச் சர்க்கரைப் பாகாகக் காய்ச்சி ரத்தமாகப் பூசினார்கள். ஈக்களுக்குக் கொண்டாட்டம். பயிற்சி டாக்டர்கள் ஓடி ஓடி எங்களைப் பார்த்து மணிக்கட்டில் நாடா கட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் காத்திருக்கலாம். பச்சை என்றால் நடந்தே போகலாம். கறுப்பு என்றால் கடவுள் பார்த்துக்கொள்வார்.

ஒரு விதி இருந்தது. நடிகர்களில் யாருக்காவது உண்மையிலேயே உடம்பு முடியாமல் போனால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்க வேண்டும். கை தூக்காதவரை எந்தக் கூப்பாட்டையும் நடிப்பு என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் பிரிவின் தலைவர் டாக்டர் ஷவ்கத்.

3.

இப்போது ஃபத்ஹீ மாமா வருகிறார். ஈரல் வறுத்து ரொட்டியில் வைத்து விற்பவர். வயிற்று வலி தாங்காமல் டிராமில் ஏறி வந்தார். வாசலில் காவலாளி இல்லை, ஒத்திகையை வேடிக்கை பார்க்கப் போயிருந்தான். உள்ளே நுழைந்தவர், ஆட்கள் வரிசையாகப் படுத்திருப்பதையும் டாக்டர்கள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவதையும் கண்டார். இதுதான் நோயாளிகள் வரிசை என்று நினைத்துக் கடைசியில் போய்ப் படுத்துவிட்டார்.

(எங்கள் ஊரில் வரிசையை மதிக்கும் மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்.)

அவருக்கு முந்தைய பாய் என்னுடையது. என் பாத்திரம், நினைவற்றுக் கிடப்பவன். "தம்பி, கடைசி நீதானா?" என்று கேட்டார். தாமதமாக வந்த நடிகர் என்று நினைத்தேன். மேலும், நினைவற்றவன் பதில் சொல்வதில்லை.

4.

இனி நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். இதில் கற்பனை கிடையாது.

பயிற்சி டாக்டர் மெய்சாவின் செருப்புச் சத்தம். என் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், சிவப்பு நாடா கட்டினார். இமை மறுபடி மூடிக்கொண்டது. அடுத்த பாய்க்குப் போனார்.

"மாமா, என்ன பண்ணுது?"

"வயித்துல கத்தியச் சொருகின மாதிரி இருக்கு மகளே. செத்துருவேன்."

அந்த வரிசையில் அத்தனை பேரும் செத்துவிடுவேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெய்சா லேசாகச் சிரித்தார்.

"எல்லாரும் உருண்டு புரள்றாங்க. நீங்க ஒருத்தர்தான் அசையாம கெடக்கிறீங்க. இந்த வலிக்கு இப்படித்தான் கெடக்கணும். யாரு மாமா சொல்லிக் குடுத்தது?"

"அசைஞ்சா உயிர் போகுது மகளே."

"சபாஷ்."

பிறகு ஒரு மௌனம். அதில் ஃபத்ஹீ மாமாவின் முனகல் ஒன்று. பிறகு நாடா கிழியும் சத்தம். மஞ்சள் என்று பின்னால்தான் தெரிந்தது.*

* குடற்புண் வெடித்தால் வயிறு பலகையாக இறுகிவிடும், தொட்டாலே தெரியும் என்று டாக்டர் ஷவ்கத் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ஃபத்ஹீ மாமாவுக்கு வெடித்திருந்தது. மெய்சாவுக்கு அந்தப் பாடம் நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அசையாமல் கிடந்தவரைப் பார்த்ததும் நல்ல நடிகர் என்று பாராட்டினார்.

5.

விசில் ஊதியது. செத்தவர்கள் எல்லோரும் எழுந்து செம்பருத்தியைத் துடைத்தார்கள். ஒருவர் மட்டும் எழவில்லை. யாரோ கைதட்டினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது.

முதலில் ஓடி வந்தது மெய்சாதான். முழங்கால் தரையில் இடிக்க விழுந்து, அவர் வயிற்றில் கையை வைத்தார். அந்த முகத்தை நான் மேடையில் எவரிடமும் பார்த்ததில்லை. என்னாலும் அதைச் செய்ய முடியாது.

அன்றே அறுவை சிகிச்சை. ஃபத்ஹீ மாமா பிழைத்துக்கொண்டார். பாதி ஆளாக.

6.

இப்போது குழுவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நாடா கட்டுமுன் மெய்சா அவர் வயிற்றைத் தொட்டாரா? தொட்டும் தவறாகக் கணித்திருந்தால் அது பயிற்சியில் நேரும் பிழை, மன்னித்துப் பயிற்சியைத் தொடரவிடுவார்கள். தொடாமல் கட்டியிருந்தால் அலட்சியம், வெளியே அனுப்பிவிடுவார்கள். சாட்சி, கண்ணை மூடிக்கிடந்த நான்.

மெய்சா டிராம் நிறுத்தத்துத் தேநீர்க் கடைக்கு என்னைத் தேடி வந்தார். காப்பாற்றச் சொல்லிக் கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்து, கேட்பதற்கு முன்பே, தொட்டதாகச் சொல்லிவிடுகிறேன் என்று பெரிய மனது பண்ணினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. (நடிகனை இங்கே மரியாதையாக உஸ்தாத், அதாவது ஆசான், என்று கூப்பிடுவார்கள்.)

"பொய்யி வேணாம் உஸ்தாத். எனக்கே தெரியலன்னுதான் வந்தேன். அன்னைக்கு எத்தன வயித்தத் தொட்டேன், எது யாரோடதுன்னு சுத்தமா ஞாபகம் இல்ல."

எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஆம் என்று சொன்னால் வேலை தப்பிக்குமே, அப்புறம் என்ன என்றேன்.

"தொடலன்னா நான் அலட்சியக்காரி. திட்டுங்க, தொரத்துங்க, திருந்திக்கலாம். தொட்டும், அது நெசம்னு என் கைக்குத் தெரியலன்னா? அந்தக் கைய வச்சுக்கிட்டு நாளைக்கு இன்னொருத்தர எப்படி உஸ்தாத் தொடுறது?"

தேநீர் ஆறிப்போனது. குடிக்காமலே போய்விட்டார்.

7.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இப்படி யாராவது பேசுவார்களா? வேலை போகும் நேரத்தில் கையைப் பற்றிக் கவலைப்படுவார்களா? எனக்கு நம்ப முடியவில்லை. ஆனால் பேசினார், நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன், இம்முறை கண்ணைத் திறந்துகொண்டு.)

ஃபத்ஹீ மாமாவையே கேட்டுவிடலாம் என்று வார்டுக்குப் போனேன். அந்தப் பெண் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று முதலில் விசாரித்தார். பிறகு, என் கேள்விக்கு இப்படிச் சொன்னார்:

"அந்தப் புள்ளைக்கு எது நல்லதுன்னு சொல்லு தம்பி. அதையே சொல்லிப்புடுறேன்."

எது நல்லது என்பதுதானே மாமா தெரியவில்லை என்றேன். உண்மையில் என்னதான் நடந்தது என்று நெருக்கினேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு அப்ப வயிறு இருந்துச்சான்னே தெரியாது. வலிதான் இருந்துச்சு."

8.

முடிவு ஒன்று: அவருடைய கை மெல்ல இறங்கி— நன்றாகத்தான் வருகிறது, அதுவே பயமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கையுறையைக்கூட அவர்— இதுவும் அதே அளவு நன்றாக வருகிறது. இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவதாக ஒன்றை நான் எழுதவில்லை, அது நேற்று நடந்தது. பயிற்சி அறை மேசையில் என்னைப் படுக்கச் சொன்னார் மெய்சா. நர்ஸ் இக்லாஸ் வாசலில் நின்று, இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று முணுமுணுத்தார். மெய்சா கண்ணை மூடி என் வயிற்றில் கை வைத்தார். நான் மூச்சைப் பிடித்து, மேடையில் கற்ற அத்தனை வித்தையையும் இறக்கி வயிற்றைப் பலகையாக்கினேன்.

"இது பொய்யி," என்றார் உடனே. முகம் மலர்ந்தது. ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, வாடிவிட்டது. கைக்கு இவ்வளவு தெரிகிறது என்றால், அன்று அந்த வயிற்றை அது தொட்டிருக்கவே முடியாது. அவர் அப்படி நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தேற்றப் பார்த்தேன்.

"பொய்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான டாக்டர் இப்ப தொட்டீங்க? இது எப்படிக் கணக்காகும்?"

மெய்சா என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கும் அப்படித்தான உஸ்தாத் தொட்டிருப்பேன்."

9.

குழு நாளை காலை கூடுகிறது. மெய்சா எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

வாசகரே, நான் கேட்டதையெல்லாம் நீங்களும் கேட்டுவிட்டீர்கள், நான் பார்க்காததை நீங்களும் பார்க்கவில்லை. தொட்டார் என்றால் அவர் டாக்டராக இருப்பார், தன் கையை நம்பாத டாக்டராக. தொடவில்லை என்றால், நம்பலாம் என்று தெரிந்த கையோடு வீட்டுக்குப் போவார். தெரியாது என்றால் குழு அதைத் தொடவில்லை என்றே எடுத்துக்கொள்ளும், அவரோ இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பார். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். உங்கள் கையால் எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. மெய்சா படிப்பார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

…………………………………………