ஓவர்சியர் வீட்டு ரவுட்டர்

"பழைய ரவுட்டரத் தூக்கிப் போடுங்கய்யா. கம்பெனியே ஒண்ணு ஓசியில தருதுல்ல?" என்றார் நெட் இணைப்புக் கொடுக்க வந்த லைன்காரர்.

"ஓசியில வர்ற எதுவும் இந்த வீட்டு வாசல் தாண்டினதில்ல" என்றேன்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டையில் ஒட்டியிருந்த சுவர்த் தூசியைத் தட்டிக்கொண்டே என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பழைய இணைப்பு நாளுக்கு நாலு தரம் அறுந்துகொண்டிருந்ததால்தான் வேறு கம்பெனிக்கு மாறினோம். கம்பெனி மாறலாம். வீட்டுப் பெயர் மாறக் கூடாது. என் தகப்பனார் ஓவர்சியராக இருந்தவர். 'ஓவர்சியர் வீடு' என்பதுதான் எங்கள் வைஃபையின் பெயர். தெருவில் யார் போனைத் திறந்தாலும் அந்தப் பெயர் தெரியும். அந்த இடத்தில் ஒரு கம்பெனியின் பெயரும் நாலு எண்ணும் தெரிவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அவர் சொல்றதுதான் சரி. பழசையே போடுங்க தம்பி" என்றாள் என் மனைவி.

இந்த மாதிரி விஷயங்களில் வாய் திறக்காதவள். என் பக்கம் நின்றாளே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

லைன்காரர் பெருமூச்சு விட்டார். "சரிங்கய்யா. எங்க பெட்டியில வைஃபைய அணைச்சிடறேன். உங்க ரவுட்டர்ல எங்க கணக்கப் போட்டா ஓடும். அதுக்கு ரவுட்டரோட செட்டிங் பாஸ்வேர்டு வேணும். நீங்க போன்ல போடுறது இல்ல, இது வேற."

எனக்குத் தெரியாது. அந்த ரவுட்டரை வாங்கியது நான். அமைத்துக் கொடுத்தது சின்ன மகள். ஆறு வருடத்துக்கு முன்னால் தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். "இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்று அன்றைக்குச் சொன்னேன். கேட்டவர்களிடம் வெளிநாட்டில் வேலை என்று சொல்லிவைத்தேன். அதோடு அவள் பேச்சு இந்த வீட்டில் முடிந்தது.

"தெரியலன்னா விடுங்க. பின்னால ஒரு ஓட்டை இருக்கு, ஊசியால குத்தினா எல்லாம் அழிஞ்சிடும். பேரையும் பாஸ்வேர்டையும் புதுசா வெச்சுக்கலாம்."

"அழிக்க வேணாம்!" மனைவியின் குரல் அந்தக் கூடத்துக்குக் கொஞ்சம் அதிகம். "எங்கயோ எழுதி வெச்சிருக்கேன். இருங்க."

சமையலறைக்குள் போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் ஒரு சீட்டோடு வந்தாள். முந்தைய நாள் நான் வாங்கிய மாத்திரையின் பில். அதன் பின்பக்கம் எழுதியிருந்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய பாஸ்வேர்டு நேற்றைய பில்லில் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. வெளியாள் முன்னால் வீட்டுப் பேச்சை எடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

லைன்காரர் தன் லேப்டாப்பில் தட்டினார். "திறந்துடுச்சு. யார் யாரு இதுல சேர்ந்திருக்காங்கன்னு பாத்துடலாம். ஐயா போன், அம்மா போன், டிவி... சின்னது போன், பாப்பா டேப். இந்த ரெண்டும் கடைசியா சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு வந்திருக்கு."

சனிக்கிழமைதோறும் பத்திலிருந்து ஒரு மணி வரை எனக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். நான்தான் செயலாளர். 'சின்னது' என்பது என் மகளை வீட்டில் கூப்பிட்ட பெயர். பாப்பா என்று ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியாது.

"பேத்திங்களா? கார்ட்டூன் பாத்தே நெட்டக் குடிச்சிடுமே!" என்று சிரித்தார். யாரும் சிரிக்காததைப் பார்த்துக் குரலை இறக்கினார். "வெளியாளுங்களா? சொல்லுங்கய்யா, ஒரே தட்டுல ரெண்டையும் தடுத்துடறேன்."

மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. ரவுட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியாள் என்றால், நான் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்குள் வந்துபோகும் வெளியாள் யார் என்ற கேள்வி வரும். இவர் இந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். வீட்டாள் என்றால் ஆறு வருடமாக நான் கட்டிக்காத்த சொல் என் வாயாலேயே உடையும்.

"வீட்டாளுங்கதான்" என்றேன்.

"அப்ப இருக்கட்டும்" என்றவர், என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். வெளியில் இருந்தாலும் வீட்டு நெட்டில் யார் இருக்கிறார்கள் என்று அதில் தெரியுமாம்.

அவர் போனதும் மனைவி அருகே வந்தாள். "என்னங்க..."

"வேலையப் பாரு" என்றேன்.

அடுத்த சனிக்கிழமையும் பத்து மணிக்குக் கூட்டத்துக்குப் போனேன். சங்கக் கட்டடத்துப் பின்வாசல் பூட்டை மாற்றுவது பற்றி இரண்டு பேர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள். பத்தே முக்காலுக்குப் போனைத் திறந்தேன். இரண்டு பெயரும் பச்சையாயின. பக்கத்திலேயே 'தடு' என்று ஒரு பொத்தான். கட்டைவிரல் அதன்மேல் நின்றது.

"செயலாளர் என்ன சொல்றீங்க?" என்றார் தலைவர்.

"அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்று போனைப் பையில் போட்டேன்.

ஐந்து சனிக்கிழமை இப்படியே போயிற்று. கூட்டம் சீக்கிரம் முடிந்தாலும் பேருந்து நிறுத்தத்து வெயிலில் நின்றுவிட்டு ஒரு மணிக்குத்தான் வீடு திரும்பினேன். என் சொல்லை நான் மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று ஒரு பெயர் மட்டும் பச்சையானது. பாப்பா டேப் வரவில்லை. பதினொன்றுக்குப் பார்த்தேன், பன்னிரண்டுக்குப் பார்த்தேன். சார்ஜ் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

ஒரு மணிக்கு வீட்டுக்குப் போனேன். மனைவி சோறு போட்டாள். கண் சிவந்திருந்தது.

"நெட்டெல்லாம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டேன்.

கரண்டி நின்றது. "நெட்டு வருதுங்க" என்றாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அடுத்ததைக் கேட்பேன் என்று நின்றாள்.

பாப்பாவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தேன். அதுவரை அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள்.