இரண்டு மிஸ்டு கால்

தோவாளைப் பூச்சந்தையில் ஞானசெல்வியின் கடைக்குக் கணினி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போகும் பேருந்தில் பூக்கட்டு ஏறியதும், மார்த்தாண்டத்தில் பூக்கடை வைத்திருக்கும் கிளீட்டஸுக்கு எஸ்.எம்.எஸ். போகும். அவர் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார். அந்த நிரலை எழுதியவள் சுபிதா. அவள் தனியாகச் செய்த முதல் வேலை.

அன்று காலை திரையில் "தகவல் போயாச்சு" என்று வந்தது. ஆனால் போகவில்லை. கிளீட்டஸ் வராததால் பிச்சிப்பூ களியக்காவிளை வரை போய் வாடித் திரும்பியது.

"ஏட்டி, போவாததப் போச்சுன்னு சொல்லுகதுக்கு எனக்கொரு பெட்டி வேணுமா? மத்தியான வண்டிக்கும் பொய் சொல்லிச்சுன்னா தூக்கிட்டுப் போயிரு," என்றாள் ஞானசெல்வி. சொன்ன கையோடு காப்பித் தம்ளரையும் நீட்டினாள்.

சுபிதா தம்ளரை வாங்கிக்கொண்டாள். "கட்டு கைமாறல்லன்னு ஒங்களுக்கு எப்பிடியக்கா தெரிஞ்சு?"

"கண்டக்டர் முருகதாஸ் அண்ணன் மிஸ்டு கால் விடுவாருல்லா. குடுத்தாச்சுன்னா ஒண்ணு, ஆளக் காணல்லன்னா ரெண்டு."

"அதுவரைக்கும் போனையே பாத்துட்டு இருப்பியளா?"

"நல்ல கதை! பூவ யாரு கெட்டுவா? ஏத்திவிட்டுட்டு என் சோலியப் பாப்பேன். முடிஞ்சா அவரு விளிப்பாரு."

எத்தனை நெரிசலிலும் முருகதாஸ் அதை மறந்ததில்லை. அவருக்கு அதில் ஆதாயம் எதுவுமில்லை; தோவாளையில் ஒருத்தி அறியக் காத்திருப்பாள் என்ற நினைப்புதான்.

சுபிதா தம்ளரைக் கீழே வைத்தாள். 'அனுப்பு' என்ற கட்டளைக்கு அடுத்த வரியிலேயே அவள் 'போயாச்சு' என்று எழுதியிருந்தாள். கணினியோ அனுப்பும் வேலையை வேறிடத்தில் ஒப்படைத்துவிட்டு, முடியும்வரை நிற்காமல், அடுத்த வரிக்கு வந்துவிடுகிறது. பூவை ஏற்றிய உடனே சேர்ந்துவிட்டது என்று சொன்னது போல! அவள் அந்தப் 'போயாச்சு' வரியை எடுத்துத் தனியாக வைத்தாள். வேலை முடிந்ததும் இதைக் கூப்பிடு, முடியாமல் போனாலும் கூப்பிட்டுச் சொல் என்று, அனுப்பும்போதே கூடவே கொடுத்துவிட்டாள்.

மத்தியான வண்டியில் கட்டு ஏறியது. பொத்தானை அழுத்தினாள். திரை பேசாமல் கிடந்தது. அரை நிமிடம் கழித்து எழுத்து வந்தது: "தகவல் போகவில்லை."

சுபிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஞானசெல்வி போனை எடுத்தாள். "கிளீட்டஸ் அண்ணே, வண்டி வருது. ஸ்டாண்டுக்குப் போங்க."

பிறகு பூக்கட்ட உட்கார்ந்தாள். சுபிதா கணினியின் வயர்களைக் கழற்றப் போனாள்.

"என்னத்துக்கு மக்கா கழத்துக? இப்பம் உள்ளதச் சொல்லுதுல்லா? அங்கயே இருக்கட்டும்."

ஒன்றரை மணி நேரத்தில் போன் ஒரு முறை அடித்து நின்றது. ஞானசெல்வியின் கை நாரோடு அப்படியே நின்றது. இருவரும் காது கொடுத்திருந்தார்கள். இரண்டாவது மணி வரவில்லை.