முதல் தரம்

தோல் பதனிடும் தொழிற்சாலையில் நீராவிக் குழாய் வெடித்தபோது அங்கே இருந்தவர்கள்: தோலைத் தரம் பிரிக்கும் கிழவர், அவருடைய ஒரே மகன், மகளைக் கட்டிய மருமகன், டெம்போ டிரைவர். மேனேஜர் இல்லை. ஏதாவது வெடிக்கிற நேரத்தில் அவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

கிழவரைத் தொழிற்சாலையில் 'கட்டைவிரல்' என்பார்கள். தோலை மேஜையில் விரித்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். வெளுப்பாக, விறைப்பாக, கொப்புளமில்லாமல் இருந்தால் முதல் தரம். சிவந்து நைந்திருந்தால் கழிவு. அவர் சொன்னால் சொன்னதுதான்.

மருமகன் தரையில் புரண்டு அலறினான். கையும் கழுத்தும் சிவந்து, கொப்புளங்கள் எழும்பி உடைந்துகொண்டிருந்தன. குழாயை ஒட்டி நின்றிருந்த மகனோ சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தான். சட்டை கந்தல். நெஞ்சும் முதுகும் வெள்ளைவெளேரென்று இருந்தன.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். டெம்போவின் பின்பக்கம் முழுக்கப் பதனிடாத பச்சைத்தோல். முன்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம்.

"யாரை ஏத்துறது, சீக்கிரம் சொல்லுங்க பெரியவரே," என்றான் டிரைவர்.

கிழவர் குனிந்து மகனின் நெஞ்சில் கட்டைவிரலை வைத்தார். விறைப்பாக இருந்தது.

"வலிக்குதாடா?"

"ஒண்ணுமே தெரியலப்பா. மச்சான் போடுற சத்தத்துல காதுதான் வலிக்குது. அவரை முதல்ல அனுப்புங்க, இல்லேன்னா அக்கா என்னைத் தொலைச்சிடுவா."

கிழவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. மருமகனை ஏற்றி அனுப்பினார்.

டெம்போ போனதும் மகன் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு மறுபடியும் கேட்டான். கொதிகலன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குளிருகிறது என்றான். பல் தந்தியடித்தது. அப்போதும் கிழவருக்கு உறைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் பேச்சு குழறிப் போயிருந்தது.

"ஏன் இவ்வளவு லேட்டு?" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

"வலி இல்லேன்னான்."

"வலிக்கிற நரம்பு உள்தோல்ல இருக்கு. அதுவே வெந்துபோச்சு, அப்புறம் எதை வச்சு வலிக்கும்? உடம்புல தண்ணியைப் பிடிச்சு வைக்கிறது, சூட்டைக் காக்கிறது, கிருமியை வெளியிலயே நிறுத்துறது எல்லாம் தோல்தான். இப்ப திறந்து போட்ட வீடு மாதிரி கிடக்கிறான். உங்க மருமகனுக்கு மேலாப்புலதான் போயிருக்கு. அடியில உசிரு இருக்கு, வளந்துடும்."

"என் தோலை உரிச்சு இவனுக்குப் போடுங்க."

"வேற ஆள் தோலை உடம்பு கொஞ்ச நாள்ல தள்ளிடும். இவனோடதுலயே எடுத்து ஒட்டணும். எடுக்க இடம் எங்க இருக்கு?"

ரோமத்தோடு சுரண்டிப் போடுகிற மெல்லிய மேல்தோல், அடியில் கொழுப்பு, நடுவே பதனிடுகிற கெட்டித்தோல். கிழவருக்கு மூன்றும் அத்துப்படி. ஆயுசு முழுக்கத் தடவிப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூட அவர் மேஜைக்கு உயிரோடு வந்ததில்லை.

அந்த வாரமே மகன் செத்துப்போனான்.

கட்டுப்போட்ட கையோடு மருமகன் வந்து அழுதான். "என் தோலைச் செருப்பாத் தைச்சுப் போட்டாலும் உங்களுக்கு ஈடாகாது மாமா. பெத்த பிள்ளையை விட்டுட்டு என்னை அனுப்பினீங்களே."

மகளும், "எனக்காகத்தானேப்பா?" என்று அவர் தோளில் விழுந்தாள். கிழவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தியாகி என்று நினைத்துவிட்டுப் போகட்டும்.

அவர்கள் போனதும் மனைவி வாய் திறந்தாள்.

"மக வாழ்க்கைக்காகன்னா சொல்லிடுங்க. நான் மனசைத் தேத்திக்கிறேன். அதுக்காகத்தானே?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆட்ட வரவில்லை.

"இல்ல," என்றார். "தொட்டுப் பார்த்தேன். அவன் தோல் நல்லா இருந்துச்சு. முதல் தரம்னு நினைச்சேன்."

அவள் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்தாள்.

கிழவர் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது, சாவியும் திரும்பியது.