டிரம்மில் முக்கிவைத்த எஞ்சின்

“டிக்கெட் ஒனக்கா, இந்த நாத்தத்துக்கா?”

ஆறு வருடத்துக்கு முன்பு கருங்கல் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் கிரேசியிடம் கேட்ட கேள்வி இது. பஸ்ஸே சிரித்தது. கிரேசி அடுத்த நிறுத்தத்தில் மீன் சருவத்தோடு இறங்கினாள். சருவத்தைத் தலையில் வைத்து, மீதி நாலு கிலோமீட்டரும் நடந்தே சந்தைக்குப் போனாள். அந்த மாதமே பக்கத்து வீட்டு ஜெனித் கழித்துப்போட்ட பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினாள். ஓட்டப் படித்தது கடற்கரை மணலில். அதற்குப் பிறகு பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றதை யாரும் பார்த்ததில்லை.

இந்த வருடம் மழை விடாமல் பிடித்தது. பேச்சிப்பாறை அணையில் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள். ஆறு கரையேறி, கிரேசி குடியிருந்த தெருவுக்குள் வந்து மூன்று நாள் தங்கியது. வண்டியின் கைப்பிடி மட்டும் ஆட்டுக்கொம்பு மாதிரி தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கணவன் மங்களூர் விசைப்படகில் போயிருந்தான். திரும்ப இன்னும் ஒரு மாதம் ஆகும்.

புதன்கிழமை தண்ணீர் வடிந்தது. தெருக்காரர்கள் வண்டிகளை உருட்டிக்கொண்டு வந்து, கழுவி, வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜெனித் துபாயில் எட்டு வருடம் டிரைவராக இருந்தவன். வண்டி விஷயத்தில் அவன் சொன்னதுதான் தெருவில் சட்டம். “நல்லா காயட்டும், பொறவு ஸ்டார்ட் பண்ணலாம்” என்று சொல்லிவிட்டான்.

கிரேசி மட்டும் ஸ்பானரை எடுத்தாள். எஞ்சினைத் தனியாகக் கழற்றினாள். மேட்டுத்தெருக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து நீல டிரம்மை நிறைத்தாள். நாற்பது கிலோ மீனைத் தலையில் தூக்குகிறவளுக்கு எஞ்சின் ஒரு பாரமா? கட்டிப்பிடித்துத் தூக்கி டிரம்முக்குள் இறக்கினாள். குபுகுபுவென்று குமிழி வந்தது.

“அக்கா, மூணு நாளு முங்குனது போதாதா?” என்று ஜெனித் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான்.

“போதாது.”

“ஞானஸ்நானமா குடுக்கிய?”

தெருவில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கிரேசி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

“கடல்ல வள்ளம் மறிஞ்சா எஞ்சினு முங்கும். வெளிய எடுத்ததும் எங்கம்ம அத நல்ல தண்ணியிலதான் போடுவா. மண்ணெண்ணெயும் ஆயிலும் கையில வாறது வர வெளிய எடுக்கப்பிடாது. முங்குன எஞ்சினுக்கு தண்ணி இல்ல தம்பி, காத்தாக்கும் சத்துரு. காத்து பட்டா துரு திங்க தொடங்கும்.”

“அது கடலு எஞ்சினு. இது ரோட்டு எஞ்சினுல்லா!”

“ரெண்டும் இரும்புதான்.”

“சனிக்கிழம ஆக்கர் கடை ராஜமணியண்ணன் லாரி கொண்டு வாறாரு. ஓடாத வண்டி எல்லாத்தையும் பழைய இரும்புக்கு எடுப்பாரு. ஒங்களுக்க வண்டியையும் சொல்லி வச்சிருக்கேன். கொஞ்ச நாளு பஸ்ல போனா என்னக்கா? பஸ்ஸு என்ன கடிக்கவா செய்யும்?”

“கடிச்சிருக்கு” என்றாள் கிரேசி.

சாலை இரண்டு பக்கமும் அறுந்து கிடந்தது. மண்ணெண்ணெயும் ஆயிலும் கிடைப்பது தேங்காப்பட்டணம் கடற்கரையில், அவள் பிறந்த வீட்டில்தான். வெள்ளிக்கிழமை கால்வாய்க் கரை வெளியே தெரிந்ததும், சேற்றில் நடந்து போய் இரண்டு கேன்களோடும் ஒரு குப்பிப் பெட்ரோலோடும் திரும்பினாள்.

முற்றத்தில் ஜெனித் வீட்டுச் சாக்கு விரித்திருந்தது. சாக்கின் மேல், வெயிலில், அவளுடைய எஞ்சின். ஜெனித் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஒங்களுக்காகத்தான்க்கா. கொஞ்சம் காயட்டுண்ணு...”

“எப்ப எடுத்த?”

“ஒரு மணிக்கூர் இருக்கும்.”

அன்று பஸ்ஸில் எழும்பாத குரல் இன்று எழும்பியது.

“ஏலே, எனக்க முற்றத்துல, எனக்க எஞ்சின, எங்கிட்ட கேக்காம தொடுததுக்கு நீ யாருலே? நீ வித்து ஆறு வருசமாச்சு. கைய எடு!”

ஜெனித் கையை எடுத்தான்.

கிரேசி சாப்பிட உட்காரவில்லை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றினாள். எஞ்சினைக் கவிழ்த்துப் பிடித்துக் கிக்கரைப் பைய அழுத்தினாள். அசையவில்லை. அந்த ஒரு மணிக்கூரில் துரு தின்றுவிட்டதா? பஸ் நிறுத்தம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினாள். கிக்கர் இறங்கியது. சாயா நிறத்தில் கலங்கல் தண்ணீர் பீச்சி முகத்தில் அடித்தது. அவள் துடைக்கவில்லை. தெளிந்து வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஆயிலை ஊற்றி, வடித்து, மறுபடி புது ஆயில் ஊற்றினாள். டேங்கில் இருந்த சேற்றைக் கழுவி, பெட்ரோல் ஊற்றி, பொழுது அடைவதற்குள் எஞ்சினை வண்டியில் பூட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில், அறுந்த சாலையில் மண் கொட்டி வழிவிட்டதும், ராஜமணியின் மினி லாரி வந்தது. நன்றாகக் காய்ந்த வண்டிகள் நாலு அதில் ஏறின. நாலாவது, ஜெனித்தின் பெரிய வண்டி. இரண்டு நாளாக ஸ்டார்ட்டரை அமுக்கி அமுக்கி, எஞ்சின் இறுகிப் போயிருந்தது. லாரி கிரேசியின் வாசலுக்கு வந்தது.

“எடுத்துரலாமாம்மா?” என்று ராஜமணி கேட்டார்.

“நில்லுங்க.”

கிரேசி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மிதித்தாள். ஒன்றுமில்லை. மூன்றாவது மிதிக்கு ஒரு இருமல். ஜெனித் கைகட்டி நின்றான். எட்டாவது மிதிக்குச் சைலன்சர் வாய் நிறையச் சேற்றைத் துப்பியது, ராஜமணியின் வெள்ளை வேட்டியிலேயே. பிறகு வெள்ளைப் புகை. புகைக்கு உள்ளே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மோ! எனக்க வேட்டிய இனி யாரு வெளுப்பா?” என்று ராஜமணி துள்ளினார்.

கிரேசி வண்டியை அணைக்கவில்லை. உள்ளே போய்ச் சருவத்தை எடுத்து வந்து, பின்னால் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

“யாரு செஞ்சு தந்தாக்கா?” என்று ஜெனித் கேட்டான்.

கிரேசி இரண்டு கைகளையும் அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். நகக்கண் வரைக்கும் கறுப்பு.

“மோந்து பாரு மக்கா. மண்ணெண்ணெய் இருக்கும், ஆத்துச் சேறு இருக்கும், மீனும் இருக்கும். டிக்கெட் வேண்டாம்.”

ஜெனித் லாரியில் சாய்ந்து கிடந்த தன் வண்டியைப் பார்த்தான். டிரம்மைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த, எஞ்சினைக் காயவைத்த தன் சாக்கைக் குனிந்து எடுத்து, உதறி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.